பட்டைக்கு உள்ளே நடப்பது: ஒரு பழைய மரத்தைப் பூச்சி எப்படிச் சாகடிக்கிறது?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

வீட்டோரம் நின்ற பெரிய மாமரம் காய்ந்துபோனால் சேலத்தில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். அடுத்து கண்ணு பட்டுப்போச்சு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியில் வேரில் எதையோ ஊற்றிவிட்டார் என்ற சந்தேகமும் வரும். ஆனால் பெரிய மரம் ஒரே வாரத்தில் சாவது அபூர்வம். இலை வாடுவது நம் கண்ணில் படும்போது, பட்டைக்கு உள்ளே வேலை ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். சில சமயம் இரண்டு மூன்று வருஷம்கூட ஆகியிருக்கும்.

அந்த வேலையைச் செய்வது பல நேரம் ஒரு புழு. மூன்று பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தை விரல் நீளப் புழு எப்படிச் சாய்க்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உயிர் இருக்கும் இடம்

மரத்தின் பலமே அதன் நடுவில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை என்று பெருமையாகச் சொல்லும் அந்த நடுப்பகுதி உண்மையில் உயிரற்றது. மரத்தைத் தாங்கி நிற்பதோடு அதன் வேலை முடிந்தது. ஊர்ப்புறச் சாலைகளில் நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த புளியமரங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனால் வருஷா வருஷம் துளிர்க்கிறது, காய்க்கிறது. வைரம் போனாலும் மரம் வாழும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

உயிர் ஓடுவது ஓரத்தில். வெளியே நாம் தொடும் சொரசொரப்பான பட்டை செத்த பகுதி, வெறும் கவசம். அதற்கு உள்ளே ஈரப்பசையோடு ஒரு உள்பட்டை இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் புளோயம் என்று படித்தது அதைத்தான். இலைதான் மரத்தின் சமையலறை என்றால், அங்கே தயாரான சர்க்கரையை வேர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த உள்பட்டை. அதை ஒட்டி உள்பக்கம் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு. வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லியது. மரம் பருமனாவதெல்லாம் இந்த அடுக்கால்தான். அதற்கும் உள்ளே இருக்கும் வெளிர்நிறக் கட்டை வழியாகத்தான் தண்ணீர் வேரிலிருந்து மேலே ஏறுகிறது. அதற்கும் உள்ளேதான் வைரம்.

ஆக, அடிமரம் மூன்றடி விட்டம் இருந்தாலும், இலையையும் வேரையும் இணைக்கும் உணவுப்பாதை பட்டையை ஒட்டிய ஒரு மெல்லிய வளையம்தான். அந்த வளையம் சுற்றிலும் அறுபட்டால் மரம் போய்விடும்.

வேண்டாத மரத்தைச் சத்தமில்லாமல் காயவைக்க நினைப்பவர்கள் அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுவார்கள். கொடுமையான வேலை, ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரித்த மறுநாளே மரம் வாடாது. தண்ணீர் ஏறும் கட்டை உள்ளே பத்திரமாக இருப்பதால் இலைகள் பச்சையாகவே இருக்கும். கீழே வேருக்குத்தான் சாப்பாடு நின்றிருக்கும். வேர் தான் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று பல மாதம் ஓட்டும். அது தீர்ந்த பிறகு வேர்முனைகள் சாகும், தண்ணீர் உறிஞ்சுவது நிற்கும், அப்புறம்தான் இலை வாடும்.

துளைக்கும் புழு செய்வதும் ஏறக்குறைய இதேதான். கத்திக்குப் பதில் பல், ஒரே நாளுக்குப் பதில் மாதக்கணக்கு. "நேத்து வரைக்கும் நல்லா இருந்த" மரத்தின் கணக்கு இப்படித்தான் பொய்த்துப் போகிறது.

மாமரத் தண்டு துளைப்பான்

சேலத்தில் பழைய மரம் என்றால் முதலில் மாமரம்தான். குண்டு, மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஊர் இது. வரகம்பாடி, அயோத்தியாப்பட்டணம், காரிப்பட்டிப் பக்கம் போனால் தாத்தா காலத்து மரங்களை இன்றைக்கும் பார்க்கலாம். அந்த மரங்களுக்குப் பெரிய எதிரி மா தண்டு துளைப்பான்.

இது நீளமான உணர்கொம்பு கொண்ட வண்டு வகை. வளர்ந்த வண்டு 4, 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கழுத்துப் பகுதியில் இளஞ்சிவப்பாக இரண்டு புள்ளிகள், முதுகில் இன்னும் சில புள்ளிகள். உணர்கொம்பு உடம்பைவிட நீளம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன், ஜூலையில் இது மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். பெண் வண்டு அடிமரத்தின் பட்டையில் வெடிப்புப் பார்த்து, அல்லது தன் தாடையால் சின்னக் கீறல் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். ஒரே இடத்தில் குவிக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை பொரிந்துவிடும்.

அந்தப் புழுதான் எமன். முதலில் பட்டைக்கு அடியிலேயே கோணல்மாணலாகத் தின்றுகொண்டு போகும். நாம் சொன்ன உணவுப்பாதை அங்கேதான் அறுபடுகிறது. வளர வளரக் கட்டைக்குள் இறங்கும். அங்கே தண்ணீர் ஏறும் வழியும் அடிபடும். மாதக்கணக்கில் தின்று கொழுத்து, கட்டைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைக்கு வண்டாக வெளியே வரும். பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தலைமுறை. இளம் மரமாக இருந்தால் ஓரிரண்டு புழுவே முடித்துவிடும். பெரிய மரத்துக்குப் பல புழுக்கள், பல வருஷம் வேண்டும். வெளியே வந்த வண்டு பழகிய மரத்திலேயே மறுபடி முட்டை வைத்தால் வருஷத்துக்கு வருஷம் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்தில் நின்ற குண்டு மாமரம் போனது இந்தப் புழுவால்தான். சித்திரை வந்தால் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் கூடை கூடையாகப் போன மரம் அது. எனக்கு அதன் காயைத் தவிர வேறு எந்தக் குண்டு மாங்காயும் இன்றுவரை வாய்க்குப் பிடித்ததில்லை. மரத்தை அறுத்துப் போட்ட அன்று துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெட்டு முகத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஓட்டையைச் சுற்றிக் கட்டை கறுத்திருந்தது. உள்ளே நார்நாராகத் தூள் அடைத்திருந்தது. கோடாலியால் பிளந்தபோது ஒரு புழு அப்படியே உள்ளே கிடந்தது. பால் வெள்ளை நிறம், மடிப்பு மடிப்பாக உடம்பு, கால் இல்லை, முன்னால் மட்டும் கறுத்த கெட்டியான தாடை. என் நடுவிரலைவிட நீளம். வெட்டிப்போட்ட பிறகும் இன்னொரு துண்டில் காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக் என்று சத்தம் கேட்டது. பட்டையை உரித்துப் பார்த்தால் அடிமரத்தின் முக்கால் சுற்றுக்கு மேல் உள்பட்டையே இல்லை. பழுப்புத் தூள்தான் இருந்தது. மீதி இருந்த கால் சுற்றுக்கு நேர் மேலே இருந்த கிளை மட்டும் கடைசி வரை பச்சையாக இருந்ததன் காரணம் அங்கே தெரிந்தது.

இதையும் ஆரம்ப அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். மரம் மொத்தமாக ஒரே நேரத்தில் வாடினால் வேரில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கக் கிளை மட்டும் வெளிறி, இலை உதிர்ந்து, நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தால் அந்தக் கிளைக்கு நேர் கீழே அடிமரத்தைப் பாருங்கள்.

ஏன் பழைய மரம், ஏன் இப்போது?

மரம் சும்மா நின்று கடிவாங்குவதில்லை. நல்ல ஈரமும் தெம்பும் உள்ள மரத்தில் சின்னப் புழு பட்டையைத் துளைத்தால், மரம் அங்கே பிசினைப் பாய்ச்சும். பல சின்னப் புழுக்கள் அதிலேயே மாட்டிச் செத்துவிடும். காயம் பட்ட இடத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி, கெட்டுப்போன பகுதியைத் தனியாக ஒதுக்கிவிடும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறுவது கிடையாது. கெட்டதைச் சுவர் வைத்து மூடிவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளரும்.

பிசின் சுரக்கவும் சுவர் எழுப்பவும் சர்க்கரை வேண்டும், தண்ணீர் வேண்டும். வயதான மரத்துக்கு இந்த இரண்டுமே இழுபறி. உடம்பு பெரிது, அதைக் காப்பாற்றவே கிடைக்கும் சாப்பாடு சரியாகப் போய்விடும், கையிருப்பு குறைவு. அந்த நேரத்தில் மழையும் பொய்த்தால்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் எப்படிப் பொய்த்தது என்பது விவசாயம் பார்க்கிற யாருக்கும் மறக்காது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையுமே வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த மாதிரி வறட்சியைத் தாண்டி நின்ற மரத்தைப் பார்த்து நாம் தப்பித்தது என்று சந்தோஷப்படுவோம். மரத்தின் கையிருப்பு தீர்ந்திருப்பது வெளியே தெரியாது. இன்னொன்று, தண்ணீர் இல்லாமல் தவிக்கிற மரமும் வேர் மூச்சுத் திணறுகிற மரமும் எத்தனால் போன்ற ஆவிகளை வெளியே விடும். பட்டை வண்டுகளில் பல இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேருகின்றன. பலவீனமான மரம் எது என்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே வண்டுக்குத் தெரிந்துவிடுகிறது.

வறட்சியைவிட எனக்குக் கோபம் வருவது நாம் செய்கிற வேலைகள் மேல்தான். மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்து மேல்மண்ணை என்ன வேண்டுமானாலும் செய்கிறோம். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேலே ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன, கிளை பரவிய வட்டத்தையும் தாண்டிப் போகின்றன. வாசல் முழுக்க மரத்தின் கழுத்து வரை சிமெண்ட் போடுவது, குழாய்க்கும் சாக்கடைக்கும் ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டுவது, அடிமரத்தைச் சுற்றி மண்ணையும் கட்டட இடிபாட்டையும் குவிப்பது, குப்பையை மரத்தடியிலேயே கொளுத்துவது. ஒவ்வொன்றும் மரத்தைத் தளர வைக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து வண்டு வரும். பழி முழுக்க வண்டு மேல் விழும்.

என்ன பார்க்க வேண்டும்?

இலையை அண்ணாந்து பார்ப்பதைவிட அடிமரத்தைக் குனிந்து பார்ப்பது பலன் தரும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, வெளியே தெரியும் பெரிய வேர்களின் கவட்டை வரை பாருங்கள்.

முதல் அடையாளம் தூள். மரத்தடியில் அல்லது பட்டை இடுக்கில் ரம்பத்தூள் போலவும் நார் போலவும் கொட்டிக் கிடக்கும். பெருக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே உயிரோடு புழு இருக்கிறது. தூள் காய்ந்து நிறம் மங்கி, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அது பழைய துளையாக இருக்கலாம். இரண்டாவது, பட்டையில் கறுப்பாக வழிந்து உறைந்த பிசின். மூன்றாவது, தட்டிப் பார்த்தால் பட்டை பொத்தென்று உள்வாங்குவது, அல்லது கெட்டியாக இல்லாமல் வெறுமையாகச் சத்தம் வருவது. விரல் நுழையும் அளவுக்கு வட்டமாகச் சுத்தமான ஓட்டை தெரிந்தால் வண்டு அதன் வழியே ஏற்கனவே வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

மரங்கொத்தி ஒரே இடத்தில் வந்து வந்து கொத்தினாலும் கவனியுங்கள். அது மரத்தைக் கெடுப்பதாக நினைத்து விரட்ட வேண்டாம். புழு இருக்கும் இடம் அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

திடீரென்று ஒரு வருஷம் வழக்கத்துக்கு மீறிப் பூத்துக் காய்த்துக் குலுங்கி, காயெல்லாம் சிறுத்துப்போனால் அதையும் சும்மா விடாதீர்கள். நெருக்கடியில் இருக்கும் மரம் சில நேரம் அப்படிக் காய்ப்பதுண்டு.

கரையானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீண்பழி அதிகம் சுமப்பது அதுதான். அடிமரத்தில் செம்மண் பூசியது போலப் புற்று ஏறியிருந்தால் "கரையான் அரிச்சுத்தான் மரம் செத்துச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த மண்ணை ஒரு குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். கரையான் தின்றிருப்பது பெரும்பாலும் வெளியே உள்ள செத்த பட்டையை. அதற்கு அடியில் நகத்தால் லேசாகக் கீறினால் பசுமையும் ஈரமும் தெரியும். அப்படியானால் மரத்துக்கு உடனே ஆபத்தில்லை, மண்ணைத் தட்டிவிட்டாலே போதும். கீறிய இடம் பழுப்பாக, காய்ந்துபோய் இருந்தால் வேறு ஏதோ அந்தப் பகுதியை முன்பே கொன்றிருக்கிறது. கரையான் பின்னால் வந்து மீதியைத் தின்கிறது. நட்டு ஒன்றிரண்டு வருஷமான கன்றுகளுக்குக் கரையானால் உண்மையான ஆபத்து உண்டு. அது வேறு கதை.

காப்பாற்ற முடியுமா?

சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை உயிரோடு இருந்தால் முயற்சி செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. முக்கால்வாசி போய்விட்டால் மனதைத் தேற்றிக்கொள்வதுதான் நல்லது.

புதுத்தூள் வரும் துளையைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ள தூளைச் சுத்தம் செய்து, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுப் புழுவை இழுத்து எடுப்பது பழைய முறை. இன்றைக்கும் நம்பகமான முறை அதுதான். கம்பி நுனியில் ஈரம் பட்டால் புழு சிக்கியது தெரிந்துவிடும். எட்டாத ஆழத்தில் இருந்தால் பூச்சிமருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைப்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய கையேடுகளைப் பார்த்து மருந்து வாங்க வேண்டாம். இந்தப் பூச்சிக்கு அவற்றில் பரிந்துரைத்த கார்பரில் 2018-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. காய் பிடித்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தையும் கேட்காமல் வைக்கக் கூடாது.

வண்டு முட்டை வைக்காமல் தடுக்க, ஜூன் மழைக்கு முன்பே அடிமரத்தில் தளர்ந்து தொங்கும் செத்த பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு பங்கு தாரில் இரண்டு பங்கு மண்ணெண்ணெய் கலந்து மூன்றடி உயரம் வரை பூசுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. சுரண்டும்போது பச்சைப் பட்டை வரை போய்விடாதீர்கள். இந்த வண்டு முருங்கை, இலவம், பலா, அத்தி மரங்களிலும் பெருகும். பக்கத்தில் அப்படிப்பட்ட மரம் துளைபட்டு நின்றால் மாமரத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பலனில்லை. புதிதாக நடுபவர்களுக்கு ஒன்று: நீலம், ஹுமாயூதீன் இரகங்கள் இந்தப் பூச்சியை ஓரளவு தாங்கும்.

புழுவை எடுத்த பிறகு மரத்துக்குத் தெம்பு வேண்டும். கோடையில் வாரம் ஒரு முறையாவது, அடிமரத்தில் இல்லாமல் கிளையின் நிழல் முடியும் ஓரத்தில், மண் ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். அதன் சருகை அதன் காலடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள், அடிமரத்தை ஒட்டாமல். சிமெண்ட் போட்டிருந்தால் உடைத்து எடுங்கள். பொந்துக்குள் சிமெண்டை ரொப்புவதும், துளையில் மண்ணெண்ணெயை அப்படியே ஊற்றுவதும் பல இடங்களில் பார்க்கிறேன். முதலாவது ஈரத்தை உள்ளே பூட்டி அழுக வைக்கும். இரண்டாவது புழுவோடு பட்டையையும் சேர்த்துக் கருக்கும்.

மலைமேல் வேறு வண்டு

ஏற்காடு மலையேறினால் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றிலிருந்து காப்பிச் செடியும் நிழல் மரமும் சேர்ந்தே வளர்ந்தன. அங்கே அராபிகா காப்பியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான்.

மாமர வண்டு தூளை வெளியே தள்ளித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்காது. தின்று வந்த பாதையைத் தன் கழிவாலேயே இறுக அடைத்துக்கொண்டு முன்னேறும், வெளியே ஒரு துளி தூள் விழாது. தண்டில் பட்டை வரிவரியாகப் புடைத்திருப்பதும், இலை மஞ்சளாவதும்தான் அடையாளம். வண்டு பறக்கும் காலம் வருஷத்துக்கு இரண்டு: ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு முறை. அதற்கு முன்பே தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்து, புடைப்புள்ள செடியைப் பிடுங்கிக் கொளுத்துவார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நிழல். இந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். நல்ல வெளிச்சமும் சூடும் உள்ள தண்டில்தான் சுறுசுறுப்பாக முட்டை வைக்கும். அதனால் மேலே சில்வர் ஓக்கோ பலாவோ பழைய காட்டு மரமோ சாய்ந்து வானம் திறந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள காப்பிச் செடிகள் வண்டுக்கு வசதியாகிவிடும். ஒரு பெரிய மரம் போனால் அதன் கணக்கு அந்த ஒரு மரத்தோடு முடிவதில்லை. காப்பிக்காரர்கள் நிழலை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில் இந்த அறிவும் அடங்கியிருக்கிறது.

தென்னை பற்றி ஒரு வார்த்தை. தென்னைக்கு நாம் பார்த்த வளையமே கிடையாது. அதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான் உயிர்நிலை. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவதும், சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் உள்ளிருந்து தின்பதும் அதனால்தான் அவ்வளவு ஆபத்து. குருத்து போனால் தென்னை போயிற்று.

வெளியூர்ப் பூச்சி

இதுவரை சொன்னவை நம் மரங்களோடு காலங்காலமாக வாழ்ந்து வருபவை. மரத்துக்கும் பூச்சிக்கும் இடையே ஒரு சமநிலை இருந்தது, பலவீனப்பட்ட மரம்தான் பெரும்பாலும் போயிற்று. வேறு கண்டத்திலிருந்து வந்து சேரும் பூச்சிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை எதிர்க்க மரம் பழகியிருக்காது, அதைத் தின்னும் குளவியோ வண்டோ இங்கே இருக்காது. அப்போது திடமான மரமும் விழும்.

அமெரிக்காவில் ஆஷ் மரங்களுக்கு நடந்தது அதுதான். ஆசியாவைச் சேர்ந்த, பச்சையாக மின்னும் சின்ன வண்டு ஒன்று 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டி மரக்கட்டையோடு கப்பலில் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அதன் புழுவும் உள்பட்டையைத்தான் தின்கிறது. தெருத்தெருவாக நிழல் தந்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் போய்விட்டன.

நம் பக்கம் கல்யாண முருங்கைக்கு அப்படி ஒரு அடி விழுந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய, எறும்பைவிடச் சின்னக் குளவி ஒன்று அதன் இளந்தளிரில் முட்டை வைக்க, இலையும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கின. மிளகுக்கொடி ஏற்ற அந்த மரத்தை நம்பியிருந்த தென்னிந்தியத் தோட்டங்கள் 2005-க்குப் பிறகு மிகவும் சிரமப்பட்டன. இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் நாசம் செய்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போடும் சேலத்து விவசாயிகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

மரம் போய்விட்டது என்றால்

வெட்டிய கட்டையை மற்ற மாமரங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழு செத்துவிடாது. மரம் காய்ந்த பிறகும் வளர்ந்து, அடுத்த மழைக்கு வண்டாகிப் பக்கத்து மரத்துக்குப் போகும். மே மாதத்துக்குள் கட்டையைப் பிளந்து விறகாக எரித்துவிடுவது நல்லது. அடித்துண்டையும் வேர் வரை தோண்டி எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால், மரத்தில் ஒரு கிளையாவது பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர் மா இரகங்களில் பெரும்பாலானவை கொட்டை போட்டால் தாய் மரத்தைப் போலவே வராது. பழத்தின் ருசி மாறிப்போகும். அதே மரம் வேண்டும் என்றால் ஒட்டுதான் வழி. நன்றாக இருக்கும் பக்கத்துக் கிளையில், முற்றிய, மூன்று நான்கு மாத வயதான, பென்சில் கனமுள்ள நுனிக்குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நுனி மொட்டு பருத்து வரும். அப்போது குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே ஒட்டு கட்டும் நர்சரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மழை தொடங்கிய ஜூன் முதல் செப்டம்பர் வரை கட்டும் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். எல்லாக் குச்சியும் பிடிக்காது, அதனால் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுபோங்கள். எங்கள் குண்டு மரத்தின் ஒட்டு ஒன்று இப்போது என் சித்தி வீட்டுக் கிணற்றோரம் நிற்கிறது. அதன் அடிமரத்துக்கு ஜூன் பிறப்பதற்குள் தார் பூசுவது சித்தியின் வேலை.